பொருள் யார் பெயரில் இருக்கிறது? தேசிய நூதனசாலை ஒன்று சட்டப்படி பிறக்கும் விதம்

தேயிலைத் தோட்டத்தில் பழைய லயக் காம்பிரா (தொழிலாளர் வரிசை வீட்டின் அறை) ஒன்றைச் சுத்தம் செய்து, கவ்வாத்துக் கத்தி, கொழுந்துக் கூடை, தகர டிக்கட் (தொழிலாளருக்குக் கொடுத்த அடையாள வில்லை), இந்திய வம்சாவளியினருக்கான 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் போட்ட பிரஜாவுரிமை விண்ணப்பத்தின் பிரதி, காமன் கூத்து உடுப்பு, தப்பு மேளம் என்று ஐம்பது பொருளை அடுக்கி வைத்தால், பார்க்க வருகிறவர்கள் அதை நூதனசாலை என்றுதான் சொல்வார்கள். பேச்சு வழக்கில் அது சரிதான். சட்டம் கேட்கும் கேள்விகள் வேறு. இந்தப் பொருள்கள் யாருடையவை? காம்பிரா யாருடையது? சேகரித்தவர் இல்லாமல் போனால் சாவி யார் கைக்குப் போகும்? அவருடைய மகன் கூடையை விற்றால் தடுக்க யாருக்கு உரிமை?

இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் இருந்தால் அது நிறுவனம். இல்லாதவரை அது ஒருவருடைய சேகரிப்பு மட்டுமே. மலையகத்துக்கென்று (இந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்களான தமிழர்களுக்கென்று) ஒரு தேசிய நூதனசாலையும் ஆய்வு நிலையமும் வேண்டும் என்று கேட்கும்போது, நாம் உண்மையில் எதைக் கேட்கிறோம் என்பதை விளக்குவதே இந்தக் கட்டுரையின் வேலை. (இலங்கையில் அரச வழக்கில் உள்ள சொல் நூதனசாலை. அருங்காட்சியகம் என்பதும் அதுவே.)

சட்டம் உண்டாக்கும் ஆள்

தோட்டத்து மரண உதவிச் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். மாதச் சந்தா சேர்கிறது. தலைவர், செயலாளர், பொருளாளர் மூவர் பெயரில் வங்கிக் கணக்கு. பொருளாளர் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டால் கையொப்பம் மாற்ற அலைய வேண்டும். ஒருவர் இறந்தால் இன்னும் சிக்கல். சங்கத்துக்குக் கூடாரமும் நாற்காலியும் வாங்கினால், எழுத்தில் அவை யாருடைய சொத்து என்று ஒருவராலும் உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. சங்கம் என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவது அந்த மூன்று பேர்தான்.

சட்டத்தின்படி கூட்டிணைக்கப்பட்ட அமைப்பு அப்படியல்ல. அதுவே ஓர் ஆள். தன் பெயரில் காணி வாங்கலாம், கணக்குத் திறக்கலாம், வழக்குப் போடலாம். அதன்மேலும் வழக்குப் போடலாம். நமது சட்டங்களில் இதற்கென்றே ஒரு வாசகம் திரும்பத் திரும்ப வரும்: இடையறா வழியுரிமையும் பொது இலச்சினையும் கொண்ட கூட்டிணைக்கப்பட்ட குழு. ‘இடையறா வழியுரிமை’ என்றால், சபையில் இருப்பவர்கள் எல்லோரும் மாறினாலும் அமைப்பு அதே ஆளாகவே தொடரும் என்று பொருள். நூதனசாலைக்கு இதைவிட முக்கியமான சொற்றொடர் வேறு இல்லை. நூறு வருடம் வைத்திருப்பேன் என்று வாக்குக் கொடுத்துப் பொருளை வாங்கும் இடம் அது. நூறு வருடம் இருக்கக்கூடிய ஓர் ஆள்தான் அந்த வாக்கைக் கொடுக்க முடியும்.

ஓர் உயிலில் இருந்து நிறுவனம் வரை

இது எப்படி நடக்கிறது என்று பார்க்க வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் கதை நல்ல பாடம். ஜேம்ஸ் ஸ்மித்சன் ஆங்கிலேய விஞ்ஞானி. அமெரிக்காவுக்குப் போனதே இல்லை. 1826இல் எழுதிய உயிலில், தன் சொத்து சகோதரனின் மகனுக்குப் போகட்டும், அவர் வாரிசில்லாமல் இறந்தால் அது அமெரிக்க நாட்டுக்குப் போகட்டும், வாஷிங்டனில் தன் பெயரால் அறிவைப் பெருக்கவும் பரப்பவும் ஒரு நிறுவனம் அமைக்கட்டும் என்று சொன்னார். அவர் 1829இல் காலமானார். சகோதரனின் மகன் 1835இல் வாரிசில்லாமல் இறந்தார்.

பணத்தை வாங்கலாமா என்பதே முதல் சண்டை. அந்நியர் ஒருவரின் கொடையை ஏற்க நாட்டுக்கு அதிகாரமில்லை, அது நாட்டின் மதிப்புக்குக் குறைவு என்று செனட்டர் ஜோன் கால்ஹூன் போன்றோர் எதிர்த்தார்கள். 1836இல் காங்கிரஸ் ஏற்றுக்கொண்டது. ரிச்சர்ட் ரஷ் லண்டனுக்குப் போய் நீதிமன்றத்தில் வழக்கை வென்று, 1838இல் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட தங்க நாணயங்களாகப் பணத்தைக் கொண்டுவந்தார். மதிப்பு 508,318 டொலர்.

பணம் வந்தும் நிறுவனம் வரவில்லை. பல்கலைக்கழகமா, வானாய்வு நிலையமா, நூலகமா, நூதனசாலையா என்று காங்கிரஸ் விவாதித்துக்கொண்டே இருந்தது. இதற்கிடையில் பணத்தின் பெரும்பகுதியை ஆர்கன்சோ மாநிலத்தின் கடன்பத்திரங்களில் போட்டார்கள். அந்த மாநிலம் வட்டி கட்டத் தவறியது. முன்னாள் ஜனாதிபதி ஜோன் குவின்சி அடம்ஸ் விடாமல் வாதாடி, இழப்பை நாடே ஈடுசெய்ய வேண்டும் என்று நிலைநாட்டினார். 1846 ஆகஸ்ட் 10ஆம் திகதி ஜனாதிபதி போல்க் ஒப்பமிட்ட சட்டம் மூலதனத்தை அரச திறைசேரிக்கு 6 சதவீத வட்டிக்குக் கொடுத்த கடனாகப் பதிந்தது. கட்டடம் கட்டச் சேர்ந்திருந்த வட்டியை எடுக்கலாம், முதலைத் தொடக்கூடாது. மேற்பார்வைக்கு ஆளுநர் சபை. இன்று அந்தச் சபையில் 17 பேர்: உப ஜனாதிபதி, பிரதம நீதியரசர், செனட்டர்கள் 3, பிரதிநிதிகள் 3, குடிமக்கள் 9.

உயிலில் ஒரே ஒரு வாக்கியந்தான் நோக்கத்தைச் சொன்னது. அது அகலமாக இருந்ததால்தான் பத்து வருடம் சண்டை நடந்தது. அதே அகலத்தால்தான் நிறுவனம் பின்னால் ஆய்வு, நூலகம், நூதனசாலை எல்லாமாக வளர்ந்தது. நோக்கப் பிரிவை எழுதுகிறவர்கள் இரண்டு பக்கத்தையும் நினைவில் வைக்க வேண்டும்.

பிரித்தானிய நூதனசாலையும் உயிலில்தான் தொடங்குகிறது. 1753இல் இறந்த வைத்தியர் ஹன்ஸ் ஸ்லோன், 71,000க்கு மேற்பட்ட பொருள்களை நாட்டுக்கு விட்டார், தன் மகள்மாருக்கு 20,000 பவுண் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அதே ஆண்டு பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. பணத்தைப் பொது லொத்தர் நடத்தித் திரட்டினார்கள். சொத்து அரசரிடமும் போகவில்லை, அமைச்சரிடமும் போகவில்லை. கூட்டிணைக்கப்பட்ட நம்பிக்கைப் பொறுப்பாளர் சபையிடம் போனது. மக்களுக்குத் திறந்தது 1759இல்.

இலங்கையில் இருக்கும் மூன்று அச்சுகள்

கொழும்பு நூதனசாலை ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் 1877 ஜனவரி 1ஆம் திகதி திறக்கப்பட்டது. இன்று அதை நடத்தும் தேசிய நூதனசாலைகள் திணைக்களத்துக்கு அடிப்படை 1942ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தேசிய நூதனசாலைகள் கட்டளைச் சட்டம். இது முதல் அச்சு, அதாவது முதல் நிறுவன வடிவம்: திணைக்களம். திணைக்களம் தனி ஆள் அல்ல, அரசின் கை. பொருள் அரசின் சொத்து, ஊழியர் அரச ஊழியர், பணம் ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தில் வரும். சம்பளம் நிற்காது என்பது பெரிய பலம். ஆனால் எந்த மாவட்டத்துக்கு முன்னுரிமை, எந்தக் கதையைச் சொல்வது, எந்த மொழியில் விளக்கப் பலகை வைப்பது என்பதெல்லாம் மேலே தீர்மானமாகும். ஊராருக்குச் சபையில் ஆசனம் இல்லை.

இரண்டாவது அச்சு நியதிச் சபை (தனிச் சட்டமொன்றால் அமைக்கப்படும் சபை). இதற்கு உதாரணம் தேட கொழும்புக்குப் போக வேண்டாம், தலவாக்கலைக்குப் போனால் போதும். தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் பிறந்தது. முதலில் நுவரெலியாவில் இயங்கிப் பின்னர் சென்கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டது. அதன் உயிர்நாடி ஏற்றுமதித் தேயிலைமேல் விதித்த தீர்வை. இவ்வளவு தேயிலை ஏற்றினால் இவ்வளவு பணம் ஆராய்ச்சிக்கு என்று சட்டத்திலேயே இருந்ததால், வருடாவருடம் கை நீட்ட வேண்டியிருக்கவில்லை. பின்னர் 1993ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கச் சட்டம் தேயிலை ஆராய்ச்சிச் சபையை அமைத்தது. 1980ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான மத்திய கலாசார நிதியமும் இந்த வகைதான்: தனி ஆள், தனி நிதி, தனிச் சபை.

தேயிலைச் செடியைப் படிக்க 1925இலேயே சட்டமும் நிலையான வருமானமும், பின்னர் காணியும் கிடைத்தன. செடியைப் பராமரித்தவர்களின் வரலாற்றைப் படிக்க அப்படியொரு சட்டம் இன்னும் இல்லை. இந்த இடைவெளி நிரப்பப்பட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. அதற்கான மாதிரியும் தலவாக்கலையிலேயே இருக்கிறது.

மூன்றாவது அச்சு தனியார் பொதுநல நிறுவனம். மலையகத்தில் நடக்கும் நூதனசாலை முயற்சிகள் பல இதில் அடங்கும். கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தின் லயத்தில் இயங்கும் தேயிலைத் தொழிலாளர் நூதனசாலை ஒரு சமூக அமைப்பின் முயற்சி. ஹந்தானையில் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் உள்ள இலங்கைத் தேயிலை நூதனசாலை தொழில்துறையின் முயற்சி.

1815 என்ற கோடு

இருக்கிற சட்டம் போதாதா என்று கேட்கலாம். தொல்பொருள்களைக் காக்க 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆனால் அதில் தொல்பொருள் என்பதற்கு உள்ள வரைவிலக்கணத்தைப் படிக்க வேண்டும்: 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டது. அது கண்டி உடன்படிக்கை ஒப்பமான நாள். கோப்பித் தோட்டங்களுக்கு மக்கள் வரத் தொடங்கியது 1820களில். லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867இல். ஆக, தோட்டத்து வாழ்வின் பொருள் ஏறக்குறைய எதுவும் இந்த வரைவிலக்கணத்துக்குள் தானாக விழாது. பிந்திய காலக் கட்டடமொன்றை வர்த்தமானியில் அறிவித்துப் பாதுகாக்க வழி உண்டு, ஆனால் அது ஒவ்வொன்றாகச் செய்யும் வேலை. தகர டிக்கட்டுக்கும் தப்புக்கும் அது உதவாது.

ஆவணத்துக்கும் இதே நிலை. 1973ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேசிய சுவடிகள் சட்டம் முதன்மையாக அரச பதிவேடுகளை நோக்கியது. தோட்டக் கந்தோரில் கிடக்கும் செக்ரோல் (வேலை வரவுப் பதிவேடு), பிறப்பு இறப்புக் குறிப்பு, கங்காணிக் கணக்கு எல்லாம் கம்பனியின் காகிதம். தொழிற்சாலை மூடும்போது அவை பழைய கடதாசி விலைக்குப் போனால் தடுக்கக் கைவசம் உள்ள சட்டக் கருவி மிகப் பலவீனமானது. மலையகத்துக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்பதற்கு உணர்ச்சியைவிட இந்த ஓட்டைதான் வலுவான காரணம்.

எதில் தொடங்குவது

நேரே பாராளுமன்றச் சட்டத்துக்குப் போவது அரிது. பொதுவாகப் படிப்படியாக ஏறுவார்கள்.

முதல் படி நம்பிக்கைப் பொறுப்பு, அதாவது ஒரு நோக்கத்துக்காகச் சொத்தைப் பொறுப்பாளர்களிடம் ஒப்படைக்கும் ஏற்பாடு. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச் சட்டத்தின்படி, ஐந்து விடயம் தெளிவாக இருக்க வேண்டும்: உண்டாக்கும் எண்ணம், நோக்கம், பயனாளி, சொத்து, அந்தச் சொத்தைக் கைமாற்றியது. காணி சம்பந்தப்பட்டால் நொத்தாரிசு முன்னிலையில் உறுதி (சொத்துப் பத்திரம்) எழுத வேண்டும். இதில் அடிக்கடி பிழைப்பது கடைசி விடயம். உறுதியில் அழகான நோக்கம் இருக்கும், சொத்து என்ற இடத்தில் ஐயாயிரம் ரூபா இருக்கும். பொருள்களை ஒருவரும் கைமாற்றி இருக்க மாட்டார்கள். அப்படியென்றால் பொறுப்பில் இருப்பது ஐயாயிரம் ரூபா மட்டுமே. இன்னொரு பலவீனம், நம்பிக்கைப் பொறுப்பு தனி ஆள் அல்ல. சொத்து பொறுப்பாளர்கள் பெயரில் இருக்கும். ஒருவர் விலகினால், இறந்தால், வெளிநாடு போனால் அடுத்தவர் எப்படி வருவார் என்று உறுதியிலேயே எழுதாவிட்டால் நீதிமன்றப் படி ஏற வேண்டிவரும்.

இரண்டாவது படி, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தினால் வரையறுக்கப்பட்ட கம்பனி. இதில் பங்கு இல்லை, பங்கிலாபம் இல்லை. கம்பனி கலைந்து கடன் மிஞ்சினால், ஒவ்வோர் உறுப்பினரும் தான் ஒத்துக்கொண்ட சிறு தொகைவரை மட்டும் பொறுப்பு. கலை, அறிவியல், தருமம் போன்ற நோக்கத்துக்கானது என்று பதிவாளர் திருப்திப்பட்டால் பெயரின் கடைசியில் ‘வரையறுக்கப்பட்டது’ என்று போடாமல் இருக்கவும் அனுமதி பெறலாம். இது தனி ஆள் என்பதால், சிறிய நூதனசாலைக்கு நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான். அமைப்பு விதிகளில் ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்: கலைக்கும்போது சேகரிப்பு உறுப்பினர்களுக்குப் பிரியாமல், இதே நோக்கமுள்ள இன்னொரு நிறுவனத்துக்குப் போகும்.

1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்த் தன்னார்வ அமைப்பாகப் பதியலாம் என்று பலர் சொல்வார்கள். அந்தச் சட்டம் ஏழை, நோயாளர், முதியோர் போன்றோரின் நிவாரணத்தை மனத்தில் வைத்து எழுதியது. நூதனசாலைக்கு அது அளவான சட்டை அல்ல. தவிர, அந்தப் பதிவு மட்டும் அமைப்பைத் தனி ஆளாக்கி விடாது.

மாகாண வழியும் உண்டு. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி தேசிய முக்கியத்துவம் உள்ளவை மத்திக்கு, மாகாணம் நடத்தும் நூதனசாலை மாகாண சபைக்கு. அப்படியானால் மத்திய மாகாணமோ ஊவாவோ நியதிச்சட்டம் (மாகாண சபையின் சட்டம்) இயற்றலாம். ஆனால் தெரிவுசெய்யப்பட்ட சபை கூடாத காலத்தில் நியதிச்சட்டம் இயற்ற ஆளே இல்லை. அதோடு மலையக மக்கள் நுவரெலியாவிலும் பதுளையிலும் மட்டுமல்ல, இரத்தினபுரியிலும் கேகாலையிலும் களுத்துறையிலும் இருக்கிறார்கள். ஒரு மாகாணத்து வேலிக்குள் அவர்களை அடைக்க முடியாது. ‘தேசிய’ என்ற சொல் இங்கே அலங்காரத்துக்கு வருவதல்ல. அது எந்தச் சபைக்கு அதிகாரம் என்பதைத் தீர்க்கும் சட்டச் சொல்.

காணி

பெரும்பாலான முயற்சிகள் சறுக்குவது இங்கே. லயமும் தொழிற்சாலையும் நிற்கும் காணி பெரும்பாலும் அரசினுடையது. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தோடு தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கைமாறின. கம்பனிகள் குத்தகைக்காரர்கள். குத்தகை பெரும்பாலும் 2045 வரை. தோட்டத்து முகாமையாளர் நல்ல மனதோடு “இந்தக் காம்பிராவை எடுத்துக்கொள்ளுங்கள்” என்று கடிதம் கொடுத்தாலும், அது அனுமதிதான். உரிமை ஆகாது. அடுத்த துரை வந்து திருப்பிக் கேட்கலாம். கம்பனி தன்னிடம் இல்லாததைக் கொடுக்கவும் முடியாது. 2045க்கு மேல் நீளும் உட்குத்தகை அதனால் தர இயலாது, இருக்கும் காலத்துக்குத் தருவதற்கும் காணிச் சொந்தக்காரரின் சம்மதம் வேண்டும்.

ஆகவே கேட்க வேண்டிய முறை இது: நில அளவை வரைபடத்தில் அந்தத் துண்டைப் பிரித்துக் காட்டுதல், அதைக் கம்பனிக் குத்தகையில் இருந்து விடுவித்தல், பிறகு அரசிடமிருந்து நிறுவனத்தின் பெயருக்கு நீண்ட குத்தகை அல்லது அளிப்பு, அதைக் காணிப் பதிவகத்தில் பதிதல். துண்டைப் பிரிக்கும்போது கட்டடத்தின் சுவரோடு நிறுத்தாதீர்கள். பாதை, தண்ணீர் வரும் பீலி, கானோடை, பின்னால் உள்ள மண்மேடு எல்லாம் எல்லைக்குள்ளோ, எழுதிய பாத்தியதைக்குள்ளோ வர வேண்டும். மலைச்சரிவில் மேலே உள்ள கானை அடுத்தவர் அடைத்தால் கீழே ஆவண அறைக்குள் தண்ணீர் வரும்.

சட்டமூலத்துக்குள் என்ன இருக்க வேண்டும்

நிறுவுதல், நோக்கம், சபை, அதிகாரம், நிதி, பணிப்பாளர், கணக்காய்வு, ஒழுங்குவிதி, பொருள்கோடல் (சொற்களுக்கு வரைவிலக்கணம்) என்று வழக்கமான பகுதிகள் எந்தச் சட்டத்தைப் பார்த்தாலும் தெரியும். சட்ட வரைஞர் அவற்றைப் பார்த்துக்கொள்வார். கவனம் வைக்க வேண்டியவை நான்கு.

ஒன்று, சபை. எல்லா உறுப்பினரையும் ஒரே அமைச்சர் நியமித்து ஒரே நாளில் நீக்கலாம் என்றால், ஆட்சி மாறும் ஒவ்வொரு முறையும் நூதனசாலை புதிதாகப் பிறக்கும். ஒன்பது பேர் கொண்ட சபை என்று வைப்போம். நூதனசாலைகள் திணைக்களம், சுவடிகள் திணைக்களம், திறைசேரி ஆகியவற்றில் இருந்து பதவி வழியாக மூவர். பல்கலைக்கழகங்கள் முன்மொழியும் மூவர். தோட்டச் சமூகத்தில் இருந்து மூவர், அதில் கொழுந்து பறித்த பெண் ஒருவராவது. பதவி வழி வராத அறுவருக்கும் மூன்று வருடத் தவணை, ஆனால் முதல் சபையில் இருவருக்கு ஒரு வருடம், இருவருக்கு இரண்டு வருடம், இருவருக்கு மூன்று வருடம். அப்படிச் செய்தால் ஒவ்வொரு வருடமும் இருவர் மட்டுமே மாறுவார்கள். கூட்ட நடப்பெண் (கூட்டம் செல்லுபடியாக வர வேண்டியவர்களின் குறைந்த எண்ணிக்கை) ஐந்து. ஒருவரை நீக்கினால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். சபையில் வெற்றிடம் இருந்தாலும் எடுத்த முடிவு செல்லும் என்ற வரியை மறக்கக்கூடாது. அது இல்லாமல், ஒரு நியமனம் தாமதமானதற்காகச் சம்பளமே நின்றுபோகும்.

இரண்டு, சேகரிப்பைக் கைவிடும் விதி. விற்க அதிகாரம் உண்டு என்று பொதுவாக எழுதிவிட்டால் கடன் வந்த வருடம் பொருள் போய்விடும். முழுவதும் தடுத்தாலும் தொல்லை: பூச்சி அரித்த பாய், ஒரே மாதிரியான இருபது கூடை எல்லாம் இடத்தை அடைத்து நிற்கும். நல்ல விதி இப்படி இருக்கும்: இரட்டைப்படி, நோக்கத்துக்குப் பொருந்தாதது, திருத்த முடியாமல் கெட்டது ஆகியவை மட்டும். சபையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு. முதலில் கொடுத்த குடும்பத்துக்கும், பிறகு இன்னொரு பொது நிறுவனத்துக்கும் கேட்டுப் பார்த்தல். பணம் வந்தால் சேகரிப்புக்கு மட்டும். சேகரிப்பைக் கடனுக்கு ஈடு வைக்க முடியாது என்ற வரியையும் தனியே எழுத வேண்டும்.

மூன்று, பணம். மின்சாரம், இரண்டு காவலாளி, பொருள்களைப் பேணும் உத்தியோகத்தர் ஒருவர், ஒரு சுவடி உத்தியோகத்தர், ஈரப்பதம் குறைக்கும் கருவி, கூரை பழுது என்று வருடத்துக்கு 60 இலட்சம் ரூபா செலவாகிறது என்று எடுத்துக்கொள்வோம். வைப்பு நிதிக்கு வருடம் 8 சதவீதம் கிடைத்தால், மூலதனமாக 7 கோடி 50 இலட்சம் போதும் போலத் தெரியும். ஆனால் வட்டி முழுவதையும் செலவழித்தால் விலைவாசி ஏற்றம் முதலைத் தின்றுவிடும். பாதியை முதலோடு சேர்க்க வேண்டும் என்றால் தேவை 15 கோடி. இதனால்தான் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்குக் கிடைத்தது போன்ற சட்டம் சொல்லும் வருமானவழி, ஒருமுறை கிடைக்கும் நன்கொடையைவிட மேலானது. ஸ்மித்சனின் பணம் பட்ட பாடு ஞாபகம் இருக்கட்டும்: நிதியை எதில் முதலிடலாம் என்பதையும் சட்டத்திலேயே கட்டிவைக்க வேண்டும்.

நான்கு, ஆய்வு. வாய்மொழி வரலாற்றுப் பதிவு எடுக்கும் நிறுவனத்துக்குப் பதிப்புரிமையும் தனிமனிதத் தரவும் உடனே வந்து நிற்கும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இரண்டும் இங்கே பொருந்தும். பேசியவரின் சம்மதம், எப்போது திறக்கலாம், எந்தப் பகுதியை மூடிவைக்க வேண்டும் என்ற முறையைச் சபை ஒழுங்குவிதியாக ஆக்கச் சட்டம் அதிகாரம் தர வேண்டும். நாடற்றவராக வாழ்ந்த காலத்தைப் பற்றிச் சொல்கிறவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு நாம் செய்ய வேண்டிய மரியாதை.

பாராளுமன்றத்தில் அது போகும் பாதை

இரண்டு வாசல் உண்டு. பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் தனிப்பட்ட முறையில் கூட்டிணைப்புச் சட்டமூலம் கொண்டுவரலாம். பல சமயத் தாபனங்களும் மன்றங்களும் இந்த வழியால்தான் கூட்டிணைக்கப்பட்டன. ஒப்பீட்டில் இலகுவானது. ஆனால் அரசியலமைப்பின் 152ஆம் உறுப்புரை ஒரு கதவைப் பூட்டுகிறது: திரட்டு நிதியத்தில் (அரசின் பொது நிதியில்) இருந்து பணம் எடுக்க வைக்கும் சட்டமூலத்தை அமைச்சர் மட்டுமே, அமைச்சரவை ஒப்புதலோடு கொண்டுவர முடியும். ஆகவே உறுப்பினர் வாசலால் வரும் நூதனசாலைக்குப் பெயரும் ஆள்தன்மையும் கிடைக்கும், அரச பணத்துக்கு உரிமை கிடைக்காது. தேசிய நிறுவனம், நிலையான வருமானம் என்றால் அமைச்சரவை வாசல்தான்.

அந்தப் பாதையில் முதலில் அமைச்சரவைப் பத்திரம். அதற்குள் திறைசேரியின் கருத்து இல்லாவிட்டால் அங்கேயே தங்கிவிடும். ஒப்புதலுக்குப் பிறகு சட்ட வரைஞர் எழுதுவார். சட்டமா அதிபர் அரசியலமைப்புக்கு முரண் உண்டா என்று பார்ப்பார். வர்த்தமானியில் வெளியாகும். ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிய பின் குடிமகன் எவரும் உயர் நீதிமன்றத்தில் கேள்வி எழுப்பலாம். எழுப்பினால் நீதிமன்றம் மூன்று வாரத்துக்குள் முடிவு சொல்லும். பிறகு இரண்டாம் வாசிப்பு, குழு நிலை, மூன்றாம் வாசிப்பு. சபாநாயகரின் சான்றுரை எழுதப்பட்டதும் அது சட்டம். கூட்டத்தொடர் ஒத்திவைக்கப்பட்டால் விட்ட இடத்தில் தொடரலாம். பாராளுமன்றம் கலைக்கப்பட்டால் சட்டமூலம் செத்துவிடும், திரும்ப முதலில் இருந்து. ஆகவே ஆட்சிக்காலத்தின் கடைசி வருடத்தில் தொடங்குவது நல்லதல்ல.

தமிழில் படிக்கிறவர்கள் செய்ய வேண்டிய ஒரு வேலை உண்டு. நமது சட்டங்களில், சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் முரண் வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்ற பிரிவு இருக்கும். எனவே வர்த்தமானி வந்தவுடன் இரண்டு உரையையும் இரு மொழியும் தெரிந்தவர் ஒருவர் பிரிவு பிரிவாக ஒப்பிட வேண்டும். முக்கியமாக மக்களின் பெயர். ‘மலையகத் தமிழர்’, ‘இந்தியத் தமிழர்’, ‘தோட்ட மக்கள்’ மூன்றும் ஒன்றல்ல. பொருள்கோடல் பிரிவில் எது எழுதப்படுகிறதோ அதுவே நிறுவனத்தின் எல்லை.

கைமாறும் நாள்

சட்டம் வந்தாலும் பழைய அமைப்பின் பொருள்கள் தாமாக நடந்து வராது. முன்பிருந்த கம்பனியின் அல்லது நம்பிக்கைப் பொறுப்பின் சொத்து, கடன், ஒப்பந்தம், ஊழியர் எல்லாம் இன்ன திகதியில் புதிய நிறுவனத்திடம் சேரும் என்ற இடைக்காலப் பிரிவு வேண்டும். அந்தப் பிரிவு பழைய அமைப்புக்குச் சொந்தமானதை மட்டுமே கொண்டுவரும். பார்க்க வைத்துவிட்டுப் போன பொருளைக் கொண்டுவராது.

ஆகவே அந்தத் திகதிக்கு முன்னால் சேர்க்கைப் பதிவேட்டை முடிக்க வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண்: 2026.14.3 என்றால் 2026இல் வந்த பதினான்காவது கொடையின் மூன்றாவது பொருள். பக்கத்தில் விவரம், அளவு, நிலை, எங்கே பயன்பட்டது, கொடுத்தவர், கொடுத்த விதம். கொடுத்த விதம் என்ற நிரலில் மூன்றே சொல்தான் வரலாம்: கொடை, விலை, இரவல். ‘நிரந்தர இரவல்’ என்று எழுதினால் அது இரவல்தான். கொடுத்தவரின் பேரப்பிள்ளை வந்து கேட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடைக்கு ஒரு பக்கத் தாள் போதும்: இன்ன பொருள், எனக்குச் சொந்தமானது, நிபந்தனை இன்றி முழு உரிமையோடு தருகிறேன், திகதி, கையொப்பம் அல்லது பெருவிரல் அடையாளம், இரண்டு சாட்சி. கூட்டுக் குடும்பத்துப் பொருள் என்றால் சகோதர சகோதரிகள் எல்லோருடைய ஒப்பமும் வேண்டும். கோயிலில் இருந்து வரும் தப்பு, காமன் கூத்துப் பொருள் என்றால் தலைவர் ஒருவரின் ஒப்பம் போதாது. கோயில் கமிட்டிக் கூட்டக் குறிப்பின் பிரதியையும் தாளோடு இணைக்க வேண்டும்.

பதிவேட்டை மையால் எழுதுங்கள், பக்கங்களுக்கு அச்சிட்ட எண் இருக்கட்டும், பிழையை ஒற்றைக் கோட்டால் வெட்டிப் பக்கத்தில் ஒப்பமிடுங்கள். கைமாறும் திகதியில் கடைசி எண்ணுக்குக் கீழே கோடு போட்டு, பழைய தலைவரும் புதிய பணிப்பாளரும் அந்தக் கோட்டின் இரு பக்கமும் ஒப்பமிட வேண்டும். பிரதியெடுத்து ஒன்றைச் சட்டத்தரணியிடமும் ஒன்றைக் கணக்காய்வாளரிடமும் கொடுக்கலாம். மூலப் பதிவேடு பொருள்கள் இருக்கும் அறையில் இருக்கக்கூடாது. அங்கே மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும், தீப்பிடித்தால் பொருளும் சாட்சியும் சேர்ந்தே போகும்.